மேலிருந்து பார்க்கும் பட்டன்

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதில் அவளுக்கு இணை கிடையாது. உறங்குகிற எறும்பின் முதுகில் அரை டன் சரக்கை இறக்கிவைப்பாள். எறும்பு புரண்டுகூடப் படுக்காது. சரி, எறும்பு என் கைச்சரக்கு. ஆனால் பதினெட்டு வருஷமாக அந்தக் கிடங்கில் கண்ணாடிப் புட்டிகளை நாலாம் தட்டுக்கு ஏற்றி இறக்குபவள் அவள்தான் என்பதில் பொய் இல்லை. அவளை எல்லோரும் 'சந்தேகம்' என்பார்கள். முகத்துக்கு நேரே என்றால் 'சந்தேகம் அக்கா'. பிரேக்கை மூன்று முறை அழுத்திப் பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டாள். வீட்டிலும் அதே கதை. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள், கணவனையும் இழுக்கச் சொல்வாள், அவன் ஒழுங்காக இழுத்தானா என்று மறுபடியும் தானே இழுப்பாள்.

அப்பேர்ப்பட்டவளிடம் சூப்பர்வைசர் ஒரு வீடியோ கேமைக் கொண்டுவந்து காட்டினான். ஓய்வறை மேசையில் ஒரு திரை, ஸ்டியரிங், இரண்டு நெம்புகோல். இதில் தொண்ணூறு புள்ளி எடுப்பவர்கள் நிஜ வண்டியில் ஏறலாம், அக்கா பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வேலை உறுதி என்றான்.

முதலில் தொண்ணூறைத் தாண்டியது வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார். பேக்கிங்கில் பன்னிரண்டு வருஷமாக நின்றபடியே அட்டைப்பெட்டி ஒட்டியவள். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி நிற்கிற வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே உட்கார்ந்து செய்யும் வேலை ஃபோர்க்லிஃப்ட் ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தொண்ணூற்றாறு புள்ளி என்று கேட்டதும் சந்தேகத்துக்கு மூக்கில் வியர்த்தது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவளாயிற்றே, யாராவது ஆடிக் கொடுத்திருப்பார்களோ? மதிய இடைவேளையில் பின்னால் போய் நின்றாள். நாத்தனார்தான் ஆடினாள். சரக்கு பார்வையை மறைத்தபோதெல்லாம் ஒரு பட்டனை அழுத்த, கூரையிலிருந்து பார்ப்பதுபோல் கிடங்கு முழுவதும் தெரிந்தது. இடித்துவிட்டால் 'மீண்டும்' என்று இன்னொரு பட்டன்.

"நம்ம வண்டில இந்த ரெண்டு பட்டனும் எங்க இருக்கு?" என்றாள் சந்தேகம்.

"கத்துக்கத்தானே அண்ணி இது."

"ஆள் மேல ஏத்திட்டு மீண்டும்னு அமுக்குவியா?"

சூப்பர்வைசர் சமாதானமாக, அக்காவும் ஒரு கை பார்க்கட்டும் என்றான். பார்த்தாள். பதினொரு புள்ளி. இருக்கை அதிரவில்லை, பாரம் ஏறினால் வண்டி அமுங்கவில்லை, எதை நம்பி ஓட்டுவது? நாத்தனார் டிபன் டப்பாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் நிஜ வண்டி. கார் ஓட்டத் தெரிந்தவர்களே இதில் முதல் நாள் கோட்டைவிடுவார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் பின்சக்கரம்தான் திரும்பும். வண்டியின் பின்புறம் அகலமாக வீசி, பக்கத்து அடுக்கை இடிக்கும். நாத்தனாரோ இடம் விட்டு அழகாகத் திருப்பினாள். கேம் சொல்லிக்கொடுத்ததுதான். அந்த வித்தைக்காகத் தான் எத்தனை அடுக்கை இடித்தோம் என்று சந்தேகத்துக்கு எரிந்தது.

சரக்கைத் தூக்கியதும் பெட்டிகள் கண்ணை மறைத்தன. நாத்தனாரின் கட்டைவிரல் ஸ்டியரிங் மேல் எதையோ தேடியது. சந்தேகம் ஓரடி பின்வாங்கினாள். இல்லாத பட்டனைத் தேடுகிறாள், இதோ, இடிக்கப்போகிறாள்.

வண்டி நின்றது. நாத்தனார் சரக்கைத் தரையில் இறக்கி, பிரேக் போட்டு, முழங்காலைப் பிடித்தபடி கீழே இறங்கினாள். மூலை வரை நடந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறினாள்.

"என்ன பண்ற?"

"மேலேர்ந்து பாக்கற பட்டன் இல்லல்ல அண்ணி. நடந்துதான் பாக்கணும்."

கத்திக் கத்தித் தொண்டை வறண்டும், இறங்கிப் பார்க்கச் சொல்லி ஒருத்தரையும் இதுவரை சந்தேகம் அக்காவால் பழக்க முடிந்ததில்லை.

"இந்த முழங்கால வெச்சுக்கிட்டு நாள் முழுக்க ஏறி இறங்குவியா? மறைச்சா சரக்க முதுகுப் பக்கம் விட்டுட்டு ரிவர்ஸ்ல ஓட்டணும். கேம்ல அது இல்லையா?"

"பட்டன் இருக்கறப்ப ரிவர்ஸ் எதுக்குன்னு விட்டுட்டாங்க போல."

"அதானே பாத்தேன்" என்றாள் சந்தேகம், முதல்முறையாகத் திருப்தியோடு. ரிவர்ஸ் இன்னும் பழகாததால் அன்று மற்ற மூலைகளிலும் நாத்தனார் இறங்கித்தான் பார்த்தாள். ஓட்டம் முடிந்ததும், ஒரு வாரம் ரிவர்ஸ் பழக்குவது தன் பொறுப்பு, கேமை நம்பி இந்தக் கையெழுத்தைப் போடவில்லை என்று சூப்பர்வைசரிடம் கறாராகச் சொல்லிவிட்டு, படிவத்தில் எழுதியதை உரக்கப் படித்தாள்: "பார்வை மறைந்த இடத்தில் இரண்டு முறை இறங்கிப் பார்த்தாள். என் கண்ணால் கண்டேன்."

"மூணு தடவ அண்ணி" என்றாள் நாத்தனார். "மூணாவது தடவ நீங்க கண்ண மூடிக்கிட்டிருந்தீங்க."