தண்ணீர் குடிக்காத மலை

தோட்டத்து மருந்துச்சாலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், நம்மிடம் மருந்து இருப்பது போத்தலில் அடைக்க முடிந்த நோய்களுக்கு மட்டும்தான். மற்றதற்கெல்லாம் நாம் வெறும் வாயால் வைத்தியம் பார்த்திருக்கிறோம். பல்கலைக்கழக விடுமுறையில் இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என் அப்பாவுக்கு உதவியாளாக இருந்தேன். அவர்தான் அங்கே மருந்து கொடுப்பவர். எனக்கோ வாய் கொஞ்சம் அதிகம். ஆகவே அந்த வைத்தியத்துக்கு நானே பொருத்தமானவள் என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர் ஊரில் வெயில்

காலையில் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். பத்து மணி தாண்டினால் அதே மலையில் வெயில் தோலை உரிக்கும். அப்படியொரு நாள் மருதாயியை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். கொழுந்து எடுக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம். தொட்டுப் பார்த்தேன், கல்மாதிரி இருந்தது. அப்பா அவள் முழங்காலை நேராக நீட்டச் சொல்லி, பாதத்தை மெல்ல மேல்நோக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டார். சதை இளகியதும் நீவிவிட்டார். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரை நான் கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள். காலையில் லயத்தில் குடித்த தேத்தண்ணீருக்குப் பிறகு அதுதான் முதல் தண்ணீர் என்றாள்.

பின்னாலேயே கண்டாக்கையா வந்தார். மலைவேலையை மேற்பார்க்கிறவர். “இனியொரு தரம் காலப் புடிச்சிக்கிட்டு வேலையில குந்துனா, பேர வெட்டிருவேன்” என்றார் மருதாயியிடம். தோட்டத்துப் பதிவில் பேர் இல்லையென்றால், தோட்டம் கொடுக்கும் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. அவள் வீட்டில் பேர் உள்ளவள் அவள் ஒருத்திதான். மாமியாரும் பிள்ளைகளும் அந்தப் பேரை நம்பித்தான் அந்தக் கூரைக்குக் கீழே படுக்கிறார்கள். இது சோம்பல் இல்லை, வெயிலில் வேர்த்து உப்பும் நீரும் குறைந்ததால் வந்தது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே சொன்னார்: “கொழும்புச் சனம் குளிர் வாங்க வர்ற ஊரு இது. இங்க வந்து வெயில் நோய்ங்கிறீங்களே தங்கச்சி, யூனிவர்சிட்டியில இதுதான் சொல்லித் தர்றாங்களா?”

எரிகிற மருந்து

அந்த வாரம் முழுக்கக் கெண்டைக்கால்கள்தான். எல்லோருக்கும் ஒரே பிரசங்கம் செய்தேன்: தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள், கஞ்சியில் உப்புச் சேருங்கள், வெயில் ஏறியதும் கம்பளியைக் கழற்றுங்கள், பிடித்துக்கொண்டால் உடனே நிழலில் உட்கார்ந்து காலை நீட்டுங்கள். குளிர்தான் நரம்பை இழுக்கிறது என்று அவர்கள் நடு மத்தியானத்திலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒருத்தி சொன்னாள்: “தண்ணி பீலியிலயே ஊத்துதுங்கம்மா, அதுக்கா இம்புட்டுத் தூரம் நடந்து வந்தோம்? நல்லா எரியிற மாதிரி ஒரு தைலம் குடுங்க.”

சுற்றி வந்த கேத்தல்

சரி, நான்தான் போகிறேன் என்று பெரிய கேத்தலில் உப்புக் கஞ்சியோடு மலைக்கு ஏறினேன். கேத்தல் கைக்குக் கை மாறி, வரிசை முழுக்கச் சுற்றி, நிறைந்தபடியே என்னிடம் திரும்பி வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “உங்களுக்காகத்தானே நான் சண்டை போடுகிறேன், குடித்தால் என்ன குறைந்துவிடும்?” என்று கத்தினேன். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள்.

மருதாயிதான் கிட்டே வந்து, கையால் சுற்றிக் காட்டினாள். பக்கத்து மலையில் தேயிலையை முழங்காலுக்குக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். ஓரத்திலிருந்த மானாப் புல்லையும் எரித்திருந்தார்கள். ஆள் மறைய ஒரு செடி கிடையாது. “குடிச்சா ஒதுங்கணும்ல? மேல கங்காணி நிக்கிறாரு, கீழ பஸ் போகுது. நீங்களே ஒரு எடம் காட்டுங்க, நான் கேத்தலோட குடிக்கிறேன்.”

நாலு சாக்கு

அப்பாவையும் கூட்டிக்கொண்டு கண்டாக்கையாவிடம் போனேன். “இவர்கள் வாக்குரிமையைப் பறித்தது கொழும்புச் சர்க்கார், ஒதுங்குகிற இடத்தைப் பறித்தது நீங்கள்” என்றேன். அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். கண்டாக்கையா தண்ணீர் தூக்க ஓர் ஆள் தருவாராம், மறைப்புக் கட்ட மட்டும் முடியாதாம். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் கொழுந்தை யார் எடுப்பது என்று கேட்டார்.

மறுநாள் வீட்டு அரிசிச் சாக்கு நாலைப் பிரித்து, மலையோரம் நாலு கம்பு நட்டு நானே கட்டினேன். பெண்கள் குடித்தார்கள். பயந்து பயந்து, பிறகு கேத்தலுக்குச் சண்டை போட்டுக் குடித்தார்கள். சில நாள் மருந்துச்சாலைக்கு ஒரு கெண்டைக்கால்கூட வரவில்லை. “காலு பஞ்சாட்டம் இருக்குங்கம்மா” என்று மருதாயி வழியில் நின்று சொன்னாள். அப்பாவிடம் நான் அடித்த பெருமைக்கு எல்லையே இல்லை.

பிறகு ஒரு காலை கம்பு மட்டும் நின்றது. சாக்குகள் ரோட்டோரத்தில், நிறுத்து வைத்த கொழுந்தின்மேல் விரித்துக் கிடந்தன. மலையில் நின்று பெண்களை வேலை வாங்கும் கங்காணியைப் பிடித்துக் கேட்டேன். மனிதர் கெட்டவரில்லை, நிஜமாகவே திகைத்துப்போய்ச் சொன்னார்: “வெயில்ல கொழுந்து கருகிப்போச்சுன்னா தொரைக்கு யாரும்மா பதில் சொல்றது?”

லொறியில்

வேறு சாக்குத் தேடி நான் கடைக்குப் போயிருந்த அன்றுதான் மருதாயிக்குச் செங்குத்தான இடத்தில் கால் பிடித்தது. உட்கார்ந்தால் பேர் போய்விடும் என்று நின்றபடியே பல்லைக் கடித்திருக்கிறாள். கூடையோடு உருண்டு, மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் விழுந்தாள். நான் ஓடிப் போனபோது இடுப்பு அசையவில்லை. பேரை இனி வெட்ட வேண்டிய வேலைகூடக் கண்டாக்கையாவுக்கு இல்லை.

கொழுந்து லொறியில் என் நாலு சாக்கையும் விரித்து அவளைப் படுக்கவைத்தோம். கங்காணியும் தூக்க வந்த ஆட்களும் ஏறிக்கொண்டார்கள். உதடு வெடித்திருந்தது. கேத்தலை அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் காதோரம் சொன்னாள்: “வேணாம்மா, ஆஸ்பத்திரி தூரம். லொறியில ஆம்பளைங்க இருக்காங்க.”

வெயில்காலத்துக் கெண்டைப் பிடிப்புக்கு உப்பும் தண்ணீரும் ஓய்வும் போதும் என்று எழுதிய புத்தகக்காரர், நாலு சாக்கைச் சேர்க்க மறந்துவிட்டார்.