ரெண்டு சி.எஸ்.ஆரும் ஒரு டவரும்

செல்போன் டவர் வேலைன்னா மேல ஏறுறது இல்லீங்க, கீழ நிக்கிறவங்ககிட்ட பேசி ஜெயிக்கிறது. நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யின்னாலும் என் போன்ல சாவுற வரைக்கும் ஒரு புள்ளி சிக்னல் வரக்கூடாது. எங்கப்பா நெலக்கரி மைன்ஸ்ல பர்மனென்ட்டு. நான் வெளிநாட்டு போன் கம்பெனில கான்ட்ராக்ட்டு. முத்தாண்டிக்குப்பம் ஊருக்காரங்க சரின்னாத்தான் அங்க டவரு, டவரு நின்னாத்தான் எனக்கு மேக்கொண்டு வேலை. கான்ட்ராக்ட்ல கெடந்து முழிக்கிறவங்களுக்கு அந்த வயித்தெரிச்சல் புரியும்.

மைக்குல வுட்டது

கம்பெனி ஊருக்கு நல்லது பண்ணா அதுக்கு சி.எஸ்.ஆர்னு பேராம். தமிழ் தெரியாத மேனேஜர் சொல்லிக் குடுத்தாரு. நானும் ஊர்க் கூட்டத்துல மைக்க புடிச்சி, "கம்பெனி உங்க எல்லாருக்கும் சி.எஸ்.ஆர் போடப்போவுது"ன்னுட்டேன். ஸ்டேஷன்ல புகார் குடுத்தா குடுக்குற ரசீதுக்கும் அதே பேருதான்னு அப்பறந்தான் ஒறைச்சிது. முந்திரிக்கொட்ட ஒடைக்கிற கஸ்தூரி அக்கா எழுந்து நின்னுகினு கேட்டாங்க: "எங்க மேல கேசு போடறத மைக்குல வேற சொல்றியாடா?"

புத்திசாலி மிஷினு

ஒரு வழியா புரிய வெச்சோம். கம்பெனில ஊருக்கு நல்ல தண்ணி மிஷின் எறக்குனாங்க. "தண்ணி வரட்டும், டவருக்கு சரிங்கறோம்"னு ஊரு சொல்லிடுச்சி. ஆனா அது புது டெக்னாலஜி. போன்ல ஆப்ப தொறந்து அமுக்குனாத்தான் தண்ணி கொட்டும். ஆப் தொறக்க சிக்னல் வேணும், சிக்னலுக்கு டவர் வேணும், டவருக்கு ஊரு சரிங்கணும், ஊரு சரிங்க தண்ணி வரணும். கஸ்தூரி அக்கா கொடத்த மிஷின்ல வெச்சிட்டு, எதுத்த வூட்டு மாடியில போன தூக்கிப் புடிச்சிகினு அங்கேருந்தே கத்துனாங்க: "தம்பி, கொடம் ரொம்புதா, இல்ல இன்னும் ஒரு மாடி கட்டணுமா?"

பதில் மரியாத

அடுத்த கூட்டத்துல அக்கா ஒரு காயிதத்த மேனேஜர் கையில குடுத்தாங்க. மிஷின் மேல ஸ்டேஷன்ல புகார் குடுத்து வாங்குன சி.எஸ்.ஆர் ரசீது. அவரு என்னைய பாத்தாரு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ எறக்குனேன்: "சார், யூ சி.எஸ்.ஆர், தே சி.எஸ்.ஆர். யூ டேப் ஃபிட், தே டவர் ஓகே." மனுசன் சிரிச்சிட்டாரு. அந்த வாரமே மிஷினுக்கு சாதா பைப்பு ஒண்ணு மாட்டுனாங்க. அக்கா மொதக் கொடத்த புடிச்சிகினு சொன்னாங்க: "கட்டிக்கோ உன் டவர. சிக்னல் வரலன்னா ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்குது."

ஆக, கம்பெனி குடுத்த சி.எஸ்.ஆர்ல வராத தண்ணி, அக்கா குடுத்த சி.எஸ்.ஆர்ல வந்து, என் கான்ட்ராக்டையும் இழுத்துகினு வந்துச்சி. இவ்ளோ நேரம் ஓசியில கேட்டீங்கல்ல, என் நம்பருக்கு ஒரு ரீசார்ஜ் போட்டு வுட்டுட்டு எழுந்திரிங்க.