சட்டித் தண்ணீரில் ஆடிய முட்டைகள்

காலையிலிருந்து நிறைமாத வயிற்றில் குழந்தையின் அசைவே இல்லை என்று துபாய்க்குப் பக்கத்து அஜ்மான் கிளினிக்குக்கு வந்திருந்தேன். நர்ஸ் தடவிய ஜெல்லின் வெதுவெதுப்பில் கண் சொருகியது. அம்மாவின் அகலச் சட்டி மிதந்து வந்தது.

கோழி அடைகாக்கத் தொடங்கிய பதினெட்டாம் நாள், கரிக்கோடு போட்ட முட்டைகளை அம்மா வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிடுவாள். உயிருள்ள முட்டை தானாக ஆடும். கோழிச்சூட்டு வாசனையோடு அவை மெல்லத் தலையாட்டுவதைப் பார்த்தபடியே சொக்கிக் கிடப்பேன். ஒருமுறை ஒன்று மட்டும் ஆடவில்லை. கூமுட்டை என்று நானே எடுத்துக் குப்பையில் எறிந்துவிட்டேன். உடைந்த ஓட்டுக்குள் ஈரக்குஞ்சு ஒருதரம் கால் உதைத்து அடங்கியது.

"அவசரப்பட்டுட்டியேடி, தூங்கியிருக்கும்" என்றாள் அம்மா.

"ஹார்ட்பீட் இருக்கு. ஆனா அசையலேன்னா இன்னிக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்" என்றார் ஸ்கேன் திரையைப் பார்த்தபடி டாக்டர்.

தொலைவில் ருவைஸ் எண்ணெய் ஆலையில் டியூட்டியில் இருந்த என் கணவர் போனில், "என்னம்மா சொல்றாங்க?" என்றார்.

"தூங்குதுங்க" என்றேன். "கொஞ்சம் பாத்துடலாமா டாக்டர்?"

டாக்டர் வயிற்றிலிருந்து கருவியை எடுக்காமல் காத்திருந்தார். திரையின் கலங்கலான தண்ணீருக்குள் ஒரு கால் மெல்ல உதைத்தது. அடங்கவில்லை, மறுபடியும் உதைத்தது.