ஏணியின் தாடை

ஒரு நாள் காலையில் ஏணி சவரம் செய்துகொண்டு வந்து நின்றபோது, அவர் தாடையில் உட்கார்ந்த ஈ ஒன்று வழுக்கி விழுந்து, ஆறு கால்களில் நான்கை ஒடித்துக்கொண்டது. சரி, நான்கு என்பது அதிகப்படிதான். இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வழுவழுப்பு வருவதற்குள் அந்தத் தாடை பட்ட பாடு இருக்கிறதே, அதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமே இல்லை. நடந்ததே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது.

ஏணி தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவர். ஏணி என்பது உடன் வேலை செய்கிறவர்கள் சூட்டிய பெயர். ஆளும் நெடுநெடுவென்று இருப்பார். எங்கே புகை கிளம்பினாலும் ஏணியில் முதல் கால் வைப்பதும் அவர்தான். முதுகில் காற்று உருளை, முகத்தில் முகமூடி, கையில் ஒரு விளக்கு. புகைக்குள் அந்த விளக்கும் உதவாது. தரையைத் தடவித் தடவிப் போய் ஆளைக் கண்டுபிடித்து வெளியே இழுத்து வர வேண்டும். பதினான்கு வருடமாக அதைத்தான் செய்கிறார். வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அவரிடம் ஒரு குறை உண்டு. பொய் வராது. மனைவி தையல்காரி, ஊர்ப் பெண்கள் பாதிப் பேருக்கு அவர் கையால்தான் சட்டை. புதிதாக ஒன்றைத் தைத்து மாட்டிக்கொண்டு வந்து, “எப்படி இருக்கு?” என்று கேட்டால், மற்ற கணவன்மார்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “பிரமாதம்” என்பார்கள். இவர் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “இடது தோள் அரை விரல் இறங்கியிருக்கு” என்பார். அரை விரல் இறங்கித்தான் இருக்கும். அதனால்தான் அந்த அம்மாவுக்குக் கோபம் இன்னும் அதிகமாக வரும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு, நாக்கை நம்பி நடக்கும் ஒரு சோதனை வந்து சேர்ந்தது.

நிலையத்துக்குப் புது முகமூடிகள் வந்திருந்தன. நெற்றி, கன்னம், தாடையின் அடிப்பக்கம் என்று சுற்றிலும் ரப்பர் விளிம்பு கவ்விப் பிடிக்கும். விளிம்புக்கும் தோலுக்கும் நடுவில் ஒன்றுமே இருக்கக் கூடாது. ஒரு நாள் முடி முளைத்திருந்தால்கூடப் புகை உள்ளே புகுந்துவிடும். மயிரிழையில் உயிர் தப்பினான் என்போமே, இங்கே மயிரிழையில் உயிர் போகும். அதனால் ஒவ்வொருவரையும் முகமூடியோடு உட்காரவைத்து, தலைக்கு மேலே கூடாரம் போல ஒரு கண்ணாடி மூடியைக் கவிழ்த்து, அதற்குள் கசப்பு மருந்தைப் புஸ்ஸென்று அடிப்பார்கள். முகமூடி சரியாகக் கவ்வியிருந்தால் ஒன்றும் தெரியாது. எங்காவது ஒழுகினால் நாக்கு கசந்துவிடும்.

நிலைய அதிகாரி முதல் புஸ் அடித்தார்.

“கசக்குதா?”

“கசக்குது சார்.”

“யோவ், நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்க என்ன சார் இருக்கு? தொண்டை வரைக்கும் கசக்குது.”

வெளியே வந்தவரைத் தண்ணீர் வண்டி ஓட்டுநர் ஓரமாக இழுத்துப் போனார். “ஏன்டா, கசக்கலன்னு தலையாட்டிட்டு வர வேண்டியதுதானே? உன் நாக்கு. அது கசக்குதா இனிக்குதான்னு உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?”

“புகைக்குத் தெரியுமே” என்றார் ஏணி.

ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டு தன் வண்டிப் பக்கம் போய்விட்டார்.

மூன்று வாய்ப்புகள், இரண்டு வார இடைவெளியில் ஒவ்வொன்று. மூன்றிலும் கசந்தால் ஏணிக்குத் தொலைபேசி அறை. அந்த அறையில் பஞ்சு பிதுங்கும் ஒரு சுழல் நாற்காலியும், இரண்டு தொலைபேசிகளும், வண்டிகள் புறப்படும் முற்றத்தைப் பார்த்த ஒரு ஜன்னலும் உண்டு. மணியடித்தால் விலாசத்தைக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு வண்டி போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஏணி அந்த நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் மேசையில் இடித்தது.

கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரியும். இடது தாடைக்குக் கீழே. அந்த இடத்து முடி சுருண்டு வளரும் ரகம். அழுத்தி மழித்தால் வெட்டிய முடி தோலுக்குள்ளேயே சுருண்டுகொண்டு கடுகு கடுகாகக் கொப்புளம் கிளப்பும். வலிக்கிறதே என்று ஒரு நாள் விட்டால் முள்ளாக நிற்கும். கொப்புளமானாலும் ஒழுகும், முள்ளானாலும் ஒழுகும். மூன்று பட்டையுள்ள பிளாஸ்டிக் ரேசரைக் குழாயடியில் இரண்டே நிமிடம் முகத்தில் இழுத்துவிட்டு ஓடுவதுதான் அதுவரை அவருடைய சவர முறை. தீயணைக்கும் கை அல்லவா, எதைப் பிடித்தாலும் குழாயைப் பிடிப்பது போலத்தான் பிடிக்கும்.

செய்தி கேட்டு மச்சினன் வந்து குதித்தான். தையல்காரியின் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வேலைதான் கண்ணாடியில், உயிரெல்லாம் சவரத்தில். அவன் கொண்டுவந்த மரப்பெட்டியைத் திறந்தால் உள்ளே நீல வெல்வெட் விரித்து, அதன் மேல் பதினான்கு ரேசர்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பக்கத்தில் பிரஷ்கள், சோப்புக் கிண்ணங்கள், ஐந்து வகை பிளேடு, ஒரு படிகாரக் கட்டி.

“மாமா, இத்தனை நாளா நீங்க செஞ்சது சவரமே இல்ல. சுரண்டல்” என்று ஆரம்பித்தான். “முகத்தை வெந்நீர்ல நனைக்கணும். நுரையை இப்படிச் சுத்திச் சுத்திக் கட்டணும். அப்புறம்…” என்று சொல்லி, பெட்டியின் நடுவிலிருந்து ஒரு சாமானை இரண்டு கையாலும் எடுத்தான். “இவர்தான் மகாராஜா.”

மகாராஜா இரும்பாலானவர். வாயில் சீப்புப் பல் போல வரிசை. கீழே விழுந்தால் தரைதான் உடையும்.

“கனமா இருக்கே” என்றார் ஏணி.

“கனம்தான் மாமா வேலை செய்யும். என் முகத்தைப் பாருங்க. இதுல முகம் பார்த்துத் தலை சீவிக்கலாம்.”

உண்மைதான். மச்சினன் முகம் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் அவன் தாடியில் இருந்ததே மொத்தம் நாற்பது முடி; அதுவும் எல்லாம் ஒரே திசையில், வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் போல. அதை யாரும் அப்போது யோசிக்கவில்லை.

மகாராஜா ஏணியின் தாடையில் ஒரே ஒரு முறை நகர்வலம் வந்தார். குளியலறையிலிருந்து வெளியே வந்த ஏணியின் முகத்தில் பதினோரு இடத்தில் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. தையல்காரி தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“டேய் தம்பி, இது என்னடா? நான்கூடக் கத்துக்குட்டியா இருந்தப்ப ஒரு துணியை இத்தனை இடத்துல வெட்டினதில்ல.”

“அக்கா, ரேசர் மேல தப்பில்ல. மாமாவோட கைப்பழக்கம் சரியில்ல.”

“ஆமாமா, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். உங்க மாமாவுக்குத் தாடையே கோணல், அப்படித்தானே?”

இரண்டாவது சோதனையன்று தாடை வீங்கியிருந்தது. அதிகாரி இரண்டாவது புஸ் அடிக்கும் முன்பே ஏணி கையைத் தூக்கிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், “தொலைபேசி அறையில நாற்காலி கொஞ்சம் தாழ்வு. ஒரு மெத்தை தைச்சுக் குடு” என்றார்.

அதைக் கேட்டதும் தையல்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இந்த மனிதர் தோள் இறங்கியிருக்கிறது என்று சொல்வார், கை குட்டை என்று சொல்வார். எதையும் விட்டுக்கொடுத்துப் பேசி அந்த அம்மா கேட்டதே இல்லை. “மெத்தையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பேசாம சாப்பிடுங்க” என்று அதட்டிவிட்டு, தம்பி விட்டுப் போன பெட்டியை மூடி ஒதுக்கிவைக்கப் போனார்.

மூடும்போது கை வெல்வெட்டில் பட்டது.

வெல்வெட்டை ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும், நிறமும் பளிச்சென்று இருக்கும். மறுபக்கமாகத் தடவினால் சொரசொரக்கும், நிறம் இருண்டுவிடும். தையல்காரிகள் வெட்டுவதற்கு முன்னால் முதலில் பார்ப்பது அந்தப் போக்கைத்தான். பார்க்காமல் வெட்டினால் சட்டையின் முன்பக்கம் ஒரு நிறமும் முதுகு ஒரு நிறமுமாக நிற்கும். அந்த அம்மா பெட்டியைத் தடவினார். திரும்பிக் கணவரின் தாடையைப் பார்த்தார். மறுபடி பெட்டியைத் தடவினார்.

“ஏங்க, கையைக் கழுவிட்டு இப்படி வாங்க. ஜன்னல் பக்கம் உட்காருங்க. அசையக் கூடாது.”

“அளவு எடுக்கப் போறியா?”

“ஆமா. பதினாறு வருஷமா எடுக்காம விட்டுட்டேன்.”

வீக்கத்தால் இரண்டு நாள் சவரம் செய்யாத தாடை. மெல்லிய மல்துணித் துண்டு ஒன்றை எடுத்து அதன் மேல் மெதுவாக இழுத்தார். வழுக்கினால் போக்கு, மாட்டிக்கொண்டால் எதிர்ப்போக்கு. பார்க்கப் பார்க்க அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலது கன்னத்தில் முடி கீழ்நோக்கிப் போனது. கழுத்தில் மேல்நோக்கி வந்தது. இடது தாடைக்கு அடியில் மட்டும் காதிலிருந்து மோவாய்க்குக் குறுக்கே படுத்து, நடுவில் ஒரு சுழி வேறு. இத்தனை நாளும் இவர் அதைக் கீழிருந்து மேலே சுரண்டியிருக்கிறார்.

தையல்காரி துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியை எடுத்தார். கன்னத்தில் ஒன்று, கழுத்தில் இரண்டு, தாடையடியில் நான்கு அம்புக்குறிகள். சுழி இருந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம்.

மறுநாள் மச்சினன் வந்து பார்த்துவிட்டுக் கதவிலேயே நின்றுவிட்டான். “மாமாவுக்கு என்ன, சாலை போடுறீங்களா?”

“வாயை மூடிட்டு உள்ள வா. உன் முடி வேற, அவர் முடி வேற. உனக்கு அளவெடுத்த சட்டையை அவருக்கு மாட்டினா கிழியாம என்ன செய்யும்?”

“அக்கா, ரேசர் என்ன சட்டையா?”

“தோல் மேல போறதெல்லாம் சட்டைதான்டா.”

பிறகு அந்த அம்மா பெட்டியிலிருந்த ஒவ்வொரு ரேசராகக் கையில் எடுத்து எடை பார்த்தார். கடைசியில் மூலையில் கிடந்த, பூச்சு உதிர்ந்த, இறகு போன்ற ஒன்றை எடுத்தார்.

மச்சினனுக்கு வெட்கமாகப் போயிற்று. “அய்யோ, அது எனக்கு மீசை முளைச்சப்ப வாங்கினது. அதுல வெட்டுப்படணும்னு நினைச்சாக்கூட வெட்டுப்படாது.”

“அதுதான் வேணும்.”

பிளேடுக்கும் ஒரு தேர்வு நடந்தது. பட்டுத்துண்டு ஒன்றில் தையல் போட்டு, ஐந்து பிளேடாலும் பிரித்துப் பார்த்தார். ஒன்று பட்டைக் கடித்தது. ஒன்று நூலை அறுக்காமல் இழுத்தது. ஐந்துமே தேறவில்லை. கடைசியில், தையல் பிரிப்பதற்கென்று வருடக்கணக்காகத் தன் ஊசிப்பெட்டியில் வைத்திருக்கும் பிளேடு பொட்டலத்திலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துப் பிரித்தார். நூல் தானாக விலகியது. பட்டுக்குச் சேதியே தெரியாது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்கள், மூன்று பேரும்.

வாசனை சோப்பு போட்டால் தோல் எரிந்தது. அதையும் தள்ளி, வாசனையில்லாத வெறும் சோப்பு வந்தது. பிரஷ் மட்டும் மச்சினனுடையது நின்றது. அந்த நுரையில்தான் படுத்த முடி எழுந்து நின்றது என்று ஏணியே சொன்னார். பொய் சொல்லாத வாய் சொன்ன சொல் என்பதால் மச்சினன் அதை ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியாகக் கை. “குழாய் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க. ஊசி பிடிக்கிற மாதிரி, ரெண்டு விரல். அழுத்தாதீங்க. அம்பு போற பக்கம் மட்டும் போங்க.”

முதல் நாள் ஒரு முறைதான் இழுத்தார். முடி பாதி நின்றது, ஆனால் ரத்தமில்லை. நான்காம் நாள் கொப்புளங்கள் அமுங்கின. ஏழாம் நாள் குறுக்கே இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். ஒன்பதாம் நாள் தையல்காரி மல்துணியைத் தாடையில் போட, அது எங்கும் மாட்டாமல் வழுக்கி அவர் மடியில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாவது சோதனை. அதிகாரி ஏணியின் முகத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“கழுத்துல என்னய்யா நீலமா? போக்குவரத்துக் குறியா?”

காலை அவசரத்தில் இரண்டு அம்புகள் துடைபடாமல் நின்றுவிட்டிருந்தன. ஏணி கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் நான் முதலில் சொன்ன ஈ வந்து உட்கார்ந்தது, வழுக்கியது, காலை ஒடித்துக்கொண்டது.

முகமூடி கவ்வியது. மூடி இறங்கியது. உள்ளே உட்கார்ந்து தலையை மேலும் கீழுமாக ஆட்டி, நிலையத்தின் விதிப் பலகையை உரக்கப் படிக்க வேண்டும். “ஓட்டப் பயிற்சி தினமும் ஆறு மணிக்கு” என்று ஏணி முகமூடிக்குள்ளிருந்து முழங்கினார். முதல் புஸ். “குழாய்களை நிழலில் உலர்த்த வேண்டும்.” இரண்டாவது புஸ். கதவருகே தண்ணீர் வண்டி ஓட்டுநர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது புஸ்.

“கசக்குதா?”

ஏணி நாக்கைச் சுழற்றிச் சுழற்றித் தேடினார். கசப்பு எங்காவது ஒளிந்திருந்தால் அதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது அல்லவா?

“இல்ல சார்.”

“சுத்தமா?”

“காலையில குடிச்ச டீ மட்டும் லேசா இனிக்குது.”

அதிகாரிக்குச் சந்தேகம் ஏணி மேல் இல்லை, மருந்துப் புட்டி மேல். காலியாகிவிட்டதோ என்று மூடியைத் தூக்கித் தன் தலையை அதற்குள் விட்டு ஒரு மூச்சு இழுத்தார். அவ்வளவுதான். முகம் கோணி, கண் கலங்கி, “தேறிட்ட, போ! தண்ணி, தண்ணி!” என்று குழாயடிக்கு ஓடினார். அவர் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருக்கும்போதே அபாய மணி அடித்தது. ஏணி வண்டியில் இருந்தார்.

மச்சினன் அந்தச் சின்ன ரேசரைத் திருப்பிக் கேட்கவே இல்லை. பெட்டியில் அந்த மூலை காலியாக இருக்கிறது. கேட்பவர்களிடம், “அது அரசாங்க வேலையில இருக்கு” என்கிறான்.

இவ்வளவையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஏணி, நெளிந்து நெளிந்து பார்த்தார். கடைசியில் தாங்காமல் என் பக்கம் திரும்பினார்.

“பெரியம்மா, எல்லாம் சரி. ஆனா அந்த ஈ என் தாடையில உட்காரவே இல்ல. மூடிக்குள்ள என்கூட மாட்டிக்கிச்சு. மூணாவது புஸ்ல கசப்பு தாங்காம என் கண்ணுக்கு நேரா கண்ணாடியில மல்லாந்துச்சு. மூடியைத் தூக்கினதும் எழுந்து பறந்து போயிடுச்சு. ஆறு காலும் நல்லாத்தான் இருந்துச்சு. எண்ணிப் பார்த்தேன்.”