நர்ஸம்மா எழுதச் சொன்ன மனு

அந்த மனுவை என் கையால்தான் எழுதினேன். முழுநீள வெள்ளைத்தாளில் இரண்டு விரல் அகலம் ஓரம் விட்டு, நீல மையில் 'பெறுநர்' என்று தொடங்கி நிதானமாக எழுதிக்கொண்டு போனேன். 'எங்கள் நகரை ஒட்டிய நிலத்தில் வரவிருக்கும் ஒன்பது மாடிக் குடியிருப்புக்கு அனுமதி தரக் கூடாது' என்ற வரி வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தக் குடியிருப்பின் ஏழாவது மாடியில் ஒரு வீட்டுக்கு நானும் என் கணவரும் பேர் பதிந்து பதினைந்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. எதிரே நாற்காலியில் உட்கார்ந்து வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருந்த நர்ஸம்மாவுக்கு அது தெரியாது. "இன்னாம்மா, பேனா எழுதலயா?" என்று கேட்டார். எழுதுது நர்ஸம்மா என்று சொல்லிவிட்டு வரியை முடித்தேன்.

நர்ஸம்மா எங்கள் வீட்டுக்காரம்மா. பொன்னேரியை ஒட்டி, வயலை மனை போட்டு உருவான அந்த நகரில் கீழ்வீட்டில் அவர் தனியாக இருந்தார், மாடிப் போர்ஷனில் நாங்கள் இருவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு ஆலையில் என் கணவர் கிரேன் ஓட்டினார். அதே ஆலையின் எடைமேடையில் லாரிகளின் எண்ணையும் எடையையும் பதிவது என் வேலை. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று நர்ஸம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதனால்தான் மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவர் சுற்றுவட்டார ஊர்களில் கிராம சுகாதார நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கடைத்தெருவில் நடந்தால் தாடி மீசையோடு நிற்கிற ஆளைக் காட்டி, "இவன் பொறக்கறப்ப கால் மொதல்ல வந்துச்சு" என்பார். ஒரு மழைக்காலத்தில் கழிவுநீர் குடிநீர்க் குழாயில் கலந்து ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு வாந்திபேதி கண்டதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அதில் ஒரு கைக்குழந்தையை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அதனால் பக்கத்து வயலில் ஒன்பது மாடி வருகிறது என்று பலகை நட்டதும் முதலில் எழுந்தது அவர்தான்.

எங்களுக்கு அந்தப் பலகை வேறு மாதிரி தெரிந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான்கு வீடு மாறியிருந்தோம். ஒரு வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, இன்னொரு வீட்டில் ஊரிலிருந்து மாமியார் வந்தால் இரண்டு நாளைக்கு மேல் தங்கக் கூடாது. நர்ஸம்மா அப்படியெல்லாம் சொல்கிறவர் இல்லை. இருந்தாலும் சொந்தமாக ஒரு கதவு, அதில் நம் பெயர் என்கிற ஆசை எங்களை விடவில்லை. ஏழாவது மாடி ஜன்னலிலிருந்து ரயில் போவது தெரியும் என்று பேர் பதியப் போன இடத்தில் விற்பனைப் பையன் சொன்னதைக் கேட்டு, வரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

கூட்டம் நர்ஸம்மாவின் போர்ட்டிகோவில் நடந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் நியாயமான மனிதர். "போர் தண்ணி ஏற்கெனவே உப்பு கரிக்குது. இன்னும் நானூறு குடும்பம் உறிஞ்சினா நாம இன்னாத்தக் குடிக்கறது?" என்றார். நம் இருபதடிச் சாலையில் அத்தனை வண்டிகள் எப்படிப் போகும் என்று இன்னொருவர் கேட்டார். தெருக்கோடி வீட்டுக்காரர் மட்டும், "தண்ணிய வுடுங்க சார். கம்பெனிக்கு வர்றவன் போறவன்லாம் வந்து குடியேறுவான். யாரு எவருன்னே தெரியாத ஜனம்" என்றார். நான் அப்போது டீத் தட்டோடு அவர் முன்னால் நின்றிருந்தேன். அவர் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். நானும் கம்பெனிக்கு வந்தவள்தான் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. நர்ஸம்மா மட்டும் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டம் முடிந்த கையோடு நான் எழுதித் தந்த மனுவோடு மறுநாள் மாலை நர்ஸம்மா மாடிக்கு வந்தார். வீட்டுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், வாடகைக்கு இருப்பவர்களும் போட்டால் நல்லது என்றார். பேனாவை வாங்கினேன். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எழுதறப்பவே சொல்லியிருக்கலாமே. இன்னாத்துக்கு மறச்ச?"

"ஊட்டக் காலி பண்ணச் சொல்லிடுவீங்களோன்னு பயம் நர்ஸம்மா."

அவர் தாளை நாலாக மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அதன்பிறகு மூன்று நாள் பேச்சில்லை. மோட்டார் போட்டால், "தொட்டி ரொம்பிச்சாம்மா?" என்று கீழிருந்து குரல் கொடுப்பவர், அந்த மூன்று நாளும் தாமாகவே நேரம் பார்த்து நிறுத்தினார். கணவரிடம், வேறு வீடு பார்க்க வேண்டியதுதான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழிருந்து குரல் வந்தது. "அந்த பிளான் பேப்பர் குடுத்திருப்பாங்களே, அத்த எடுத்துக்கினு வா."

வழவழப்பான அந்தத் தாளைத் தரையில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தார். நீச்சல்குளம் இருந்தது, உடற்பயிற்சிக்கூடம் இருந்தது. "இத்தன ஊட்டுக் கக்கூஸ் தண்ணி எங்க போவுதுன்னு எங்கனா போட்டிருக்குதா பாரு" என்றார். தேடினேன், இல்லை. பிறகு பச்சையாக வரைந்திருந்த ஒரு நடைபாதையில் விரலை வைத்தார். "இது வாய்க்கா. ஏரி ரொம்பினா தண்ணி இதுலதான் ஓடும். இத்த மூடிட்டு நடக்கறதுக்குப் பாதைன்னு போட்டுக்கினு கீறான். தண்ணி எகிறினா மொதல்ல நம்ம தெருவுக்கு வராது. அங்க கீழ்வூட்டுல குடி வர்றவங்கதான் முழுகுவாங்க. வேணாம்னு மட்டும் எழுதி இன்னா பிரயோசனம்? உன்ன மாதிரி ஆளுங்க எங்க போவாங்க? வேற மனு எழுது."

அன்று நான் எழுதியது இரண்டு பக்கம். வாய்க்காலை மூடக் கூடாது, கழிவுநீரைச் சுத்திகரிக்க அவர்களே வசதி செய்ய வேண்டும், வாசலைப் பெரிய சாலைப் பக்கம் வைக்க வேண்டும், நான்கு மாடிக்கு மேல் போகக் கூடாது. கடைசி வரியை அவர் சொல்லி முடித்துவிட்டு, நான் எழுதும் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்கு மாடி என்றால் ஏழாவது மாடி இல்லை.

இரண்டாவது கூட்டத்தில் கோடிவீட்டுக்காரர் கோபப்பட்டார். "இன்னா நர்ஸம்மா, அவங்களுக்காகவா நாம மனு குடுக்கறோம்?"

"நீ ஊடு கட்டறப்ப இதுவும் நெல்லு வெளஞ்ச நெலந்தான்பா" என்றார் நர்ஸம்மா. "ஊருக்குள்ள இருந்தவங்க நம்மள இன்னா பேசினாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்க ஊட்டுக்கெல்லாம் ஊசி போடப் போனவ நான். யாரோ எவரோ வந்து கல்ல நட்டுட்டாங்கன்னாங்க. அந்த யாரோ எவரோ நீயும் நானும்தான்."

சங்கத் தலைவர்தான் முதலில் பேனாவை எடுத்தார். கோடிவீட்டுக்காரரும் கடைசியில் போட்டார்.

எங்கள் முறை வந்தபோது நான் கணவரைப் பார்த்தேன். "ஏழாவது மாடிய நாமளே வேணான்னு எழுதித் தர்றோம்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு, "உயரத்துக்கு இன்னா, நான் கிரேன் மேலயே உக்காந்து பாத்துக்கறேன்" என்று என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

ஒரு திங்கட்கிழமை பஸ் பிடித்துத் திருவள்ளூர் போய்க் கலெக்டர் அலுவலகத்தில் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தோம். ஐப்பசி மழையில் ஒரு அதிகாரி இடத்தைப் பார்க்க வந்தார். வரப்பு வரை வந்தவர் தண்ணீரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நர்ஸம்மா புடவையைச் சற்று உயர்த்திச் செருகிக்கொண்டு முன்னால் இறங்கிப் போய், "வாங்க சார், முட்டியாழந்தான்" என்று திரும்பிக் கூப்பிட்டார். அதிகாரி ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். வீடு விற்பனைக்கு என்று சொன்ன பலகையின் கால் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தது.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. அவர்களும் ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள், நகரின் தண்ணீர் இன்றும் உப்புத்தான். ஆனால் பல மாதம் இழுத்து, வரைபடம் மாறியது. நான்கு மாடி, திறந்த வாய்க்கால், பின்பக்கம் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி, பெரிய சாலைப் பக்கம் வாசல். எங்களுக்கு இரண்டாவது மாடியில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். அதற்கு மூன்று வருஷம் காத்திருந்தோம். அத்தனை நாளும் நர்ஸம்மா வீட்டு மாடியில்தான்.

பால் காய்ச்சிய அன்று அவர் வந்தார். மாடிக்கு வருவதற்கு முன் நேரே கட்டடத்தின் பின்பக்கம் போய்ச் சுத்திகரிப்புத் தொட்டியருகே நின்று மூச்சை இழுத்துப் பார்த்திருக்கிறார். காவலாளி ஓடிவந்து யாரம்மா நீங்க என்று கேட்டிருக்கிறார். மேலே வந்ததும், "நாத்தம் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் பாலைக் கையில் வாங்கினார்.

எங்கள் ஜன்னலிலிருந்து ரயில் தெரியாது. வாய்க்கால் தெரியும், அதற்கு அப்பால் நர்ஸம்மாவின் மொட்டைமாடியும் துணிக்கொடியும் தெரியும். இந்த வருஷ மழையில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. இரண்டாம் நாள் காலை, வேலைக்குப் போவதா வேண்டாமா என்று நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"உங்க பக்கம் தண்ணி நிக்குதாம்மா?"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். வாய்க்கால் செம்மண் நிறத்தில் கரை தொட்டு, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"இல்ல நர்ஸம்மா, ஓடுது."

"இங்கயும் ஓடுது" என்றார். "செரி, நாஷ்டா துன்னுட்டு வேலைக்குக் கெளம்புங்க."