ஏரிக்கரையில் நான் முன்னால் நடந்தேன்

எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில், புருஷனுக்கு முன்னால் நடக்கிற பெண்ணைக் கண்டால் பாத்திரம் கழுவுகிற கைகள் அப்படியே நின்றுவிடும். நாலடி பின்னால்தான் போக வேண்டும். கல்யாணமான நாள் முதல் நானும் அப்படித்தான் போனேன். அதில் எனக்கு வருத்தமொன்றுமில்லை. அவர் நடக்கிற வேகத்துக்குப் பின்னால் ஓடவே சரியாக இருந்தது.

அப்புறம் ஒருநாள் ரயில் பாதை வேலையில், தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர் கட்டை அவர் கால்மேல் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கைத்தடியை விடப் பயம். மாதக் கடைசியில் ரயில்வேயின் வெள்ளைக்கார டாக்டர் துரை முன்னால் தடியில்லாமல் நடந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலை போகும், வேலையோடு ரயில்வே கொடுத்த வீடும் போகும். வாசலில் பழகலாமென்றால் லயமே திரண்டு வந்து உச்சுக்கொட்டியது. ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் விடிந்ததும், மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிற வண்டிக்காரரை மறித்தேன்.

"அண்ணே, எங்க ரெண்டு பேரையும் ஏரித் தோட்டத்துல இறக்கி விடுங்க."

ஏரியைச் சுற்றிய அந்தப் பூங்காவில் ஒரு ஈ காக்கா இல்லை. தூங்குமூஞ்சி மரங்கள் அப்போதுதான் இலை விரித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் அசையாமல் கிடந்தது. எங்கோ ரயில் ஊதியபோதுதான் ஊர் நடுவில் இருக்கிறோம் என்பதே நினைவுக்கு வந்தது.

வழக்கப்படி நான் பின்னால் நின்றேன். தடியில்லாமல் இரண்டடி வைப்பார், உடனே திரும்பி என் கையைத் தேடுவார். மூன்று நாள் இதே கதை. நாலாம் நாள் தடியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன்.

"ஏய், என்னடி இது? நீ முன்னால போறே!"

"இங்க யாரு பார்க்கப் போறா? தடி வேணும்னா வந்து வாங்கிக்குங்க."

திட்டினார். திட்டிக்கொண்டே நடந்தார்! நான் திரும்பவில்லை, பார்த்தால் மனசு இளகிவிடும். ஒரு கால் ஊன்றுகிற சத்தமும் ஒரு கால் இழுபடுகிற சத்தமும் காதில் விழுந்துகொண்டே இருந்தன. நாளாக நாளாக இழுபடுகிற சத்தம் குறைந்தது. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடையைக் கூட்டினேன்.

பரிசோதனைக்கு முந்தின நாள், ஏரி வளைகிற இடத்தில், என் தோளை உரசிக்கொண்டு அவர் என்னைத் தாண்டிப் போனார். தடியை நீட்டினேன்.

"நீயே வெச்சுக்க" என்றார், நிற்காமலே. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மறுநாள் டாக்டர் துரை நடக்கச் சொன்னார், இவர் தடியில்லாமல் நடந்தார். "நாளைக்கே வேலைக்குப் போகலாம்" என்று துரை சொன்னதை, மருந்து கட்டுகிற டிரெசர் தமிழில் சொன்னார்.

திரும்பி வந்தபோது லயமே வாசலில் நின்றது. நான் பழையபடி நாலடி பின்தங்கினேன். அவர் நின்றுவிட்டார்.

"முன்னால போ."

"எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். உன் பின்னால நடந்துதான் எனக்குக் கால் வந்துச்சு."

தலை நிமிர்ந்து, லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முன்னால் நடந்தேன். பாத்திரம் கழுவிய கைகளெல்லாம் அப்படியே நின்றன.