அம்மாவின் இதர வருமானம்

அம்மா இறந்து நான்கு மாதம் கழித்து அவள் போனுக்கு வருமான வரித் துறையிலிருந்து ஒரு செய்தி வந்தது. அவளுடைய பான் எண்ணில் வரிப் பிடித்தம் பதிவாகியிருக்கிறது, கணக்குத் தாக்கல் செய்யப்படவில்லை, சரிபார்க்கவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த போனை அப்பாதான் வைத்திருந்தார். ஷேர் ஆட்டோவை அவனியாபுரம் ஸ்டாண்டில் வரிசையில் விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏப்பா, உங்காத்தாவுக்கு கவர்மெண்டுல இருந்து என்னமோ வந்திருக்கு. இருந்தப்ப ஒருத்தனும் கேக்கல. செத்த பெறகு கேக்குறாய்ங்க. வந்து என்னன்னு பாரு.”

நான் பி.காம். படித்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் போன முதல் ஆள். தெருவில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அது முதலில் என் கைக்கு வரும். ஆனால் அந்தச் செய்தியை நானே இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. வருமான வரியை நான் பாடமாகவே படித்திருக்கிறேன். சம்பளம், வாடகை, வியாபாரம் எல்லாம் அதில் இருந்தன. வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டே ஒரு அம்மா சொன்ன அபிப்பிராயத்துக்கு வந்த காசு எந்தத் தலைப்பில் சேரும் என்று நான் யோசித்ததே இல்லை.

படிப்பு முடித்து ஒரு உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதப் போன புதிதில், கூட வேலை பார்த்த நண்பன் இந்த ஆன்லைன் சர்வேயைக் காட்டினான். சோப்பு, பிஸ்கட், போன் என்று ஏதாவது கேட்பார்கள். பதில் சொன்னால் புள்ளி ஏறும். புள்ளி சேர்ந்தால் பணமாகவோ மளிகைக் கூப்பனாகவோ வாங்கிக்கொள்ளலாம். என்னைப் போன்ற கல்யாணமாகாத பயல்களிடம் அதிகம் கேட்க மாட்டார்கள். பாதியிலேயே ‘நீங்கள் இந்த ஆய்வுக்குப் பொருந்தவில்லை’ என்று வெளியே தள்ளிவிடுவார்கள்.

“வீட்டுப் பொம்பளைங்க பேர்ல ஆரம்பி மாப்ள. அவங்ககிட்டத்தான் கேட்டுக்கிட்டே இருப்பாய்ங்க” என்றான்.

“வரி கிரி வராதா?”

“சோப்பப் பத்திப் பேசுறதுக்கு எவன்டா வரி கேப்பான்? கூப்பன் வேற. கூப்பனுக்குப் போயி வரியா?”

மகளிர் குழுக் கடனுக்காக எடுத்த பான் அட்டை அம்மாவிடம் இருந்தது. அதை வைத்து அவள் பேரில் கணக்குத் தொடங்கினேன். மற்றவர்கள் மாதிரி நானே பதில்களைத் தட்டிவிட்டிருக்கலாம். அவள் பேரைப் போட்டுவிட்டு என் அபிப்பிராயத்தை எழுத மனசு ஒப்பவில்லை. அதனால் அவளிடமே கேட்டேன்.

சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்ததும் அடுப்படி வாசலில் உட்கார்ந்து கேள்வியைத் தமிழில் சொல்வேன். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போட வேண்டும். முதல் நாளே ஒரு விதி வைத்துவிட்டாள். அஞ்சு மட்டும் போடக் கூடாது.

“அஞ்சு சாமிக்குத்தான். துணி சோப்புக்கெல்லாம் அஞ்சா?”

“நல்லாயிருக்குன்னுதானம்மா சொல்றே?”

“நல்லாத்தான் இருக்கு. அதுக்காக? நாலு போடு. அவனும் இன்னும் நல்லாப் பண்ணணும்ல.”

இந்தப் பொருளை உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்வீர்களா, பத்துக்கு எத்தனை என்று ஒரு கேள்வி எல்லா ஆய்விலும் வரும். அம்மா ஒவ்வொரு முறையும் நிஜமாகவே யோசிப்பாள்.

“நான் யாருகிட்டப் போயிச் சொல்லப் போறேன்? எதுத்த வீட்டுக்காரிகிட்டத்தான் சொல்லணும். நான் இதச் சொன்னா அவ வேணும்னே வேறத வாங்குவா. ரெண்டு போடு.”

கவனமாகப் பதில் சொல்கிறோமா என்று பார்க்க நடுவில் ஒரு வரி வைத்திருப்பார்கள், ‘இந்த வரிக்கு மூன்றைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று. அதைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “இம்புட்டு நேரம் வேல மெனக்கெட்டுச் சொல்றேன், நம்மளையே சோதிக்கிறானா?” என்றாள். ஆனால் மூன்றைத்தான் போடச் சொன்னாள்.

எந்த ஊர்க்காரர்கள் இதைக் கேட்கிறார்கள், கேட்டு என்ன செய்வார்கள் என்று அவ்வப்போது விசாரிப்பாள். எனக்குச் சரியாகத் தெரியாது என்று சொன்னேன். அவள் திருவாதவூரில் ஆறு பிள்ளைகளுக்கு நடுவில் பிறந்தவள். எந்தச் சேலை வேண்டும், யாரைக் கட்டிக்கொள்கிறாய், வயலை விற்கலாமா, எதையும் அவளிடம் யாரும் கேட்டதில்லை. இது நானாகச் சொல்வதில்லை. ஒருநாள் கேள்வி வர நேரமானபோது அவளே சொன்னாள்: “என்னைய ஒரு ஆளா நெனச்சு இவந்தான்டா கேக்குறான்.”

ஒருமுறை உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று கேட்டிருந்தார்கள். மாவு ஆட்டிய கையைத் துடைத்துவிட்டு நாலு என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளே, “அஞ்சுன்னா கண்ணு பட்டுரும்” என்றாள்.

அந்த வருடம் பணமாக எடுத்தபோது அவர்கள் கொஞ்சம் வரி பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். நான் எரிச்சலோடு அதைச் சொன்னேன். அம்மாவுக்கோ முகமெல்லாம் மாறிவிட்டது.

“எனக்கா? எனக்கு வரியா?”

“ஆமாம்மா, உன் பேர்லதான் புடிச்சிருக்காங்க.”

உடனே எழுந்து வாசலுக்குப் போய் எதிர்வீட்டம்மாவைக் கூப்பிட்டாள். “இந்தாடி, நான் வருமான வரி கட்டுறேன் தெரியும்ல? ஒன் வீட்டுக்காரரு கட்டுறாரா?” அன்றிலிருந்து அப்பா சட்டையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாலும் சரி, நான் தட்டைக் கழுவாமல் எழுந்தாலும் சரி, “வரி கட்டுற குடும்பம், ஒரு ஒழுங்கு வேணாமா?” என்பாள். வரியைப் பிடித்ததோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அடுத்த வருடம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பெரியாஸ்பத்திரி வார்டில் படுத்திருந்தபோதும் போன் பக்கத்தில் இருந்தது. கடைசியாக அவள் பதில் சொன்னது பிஸ்கட்டைப் பற்றி. தண்ணீர்கூடத் தங்காத நேரம். “திங்க முடியாதவகிட்டப் போயி பிஸ்கட்டக் கேக்குறான் பாரு” என்று சிரிக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று மூடப்போனேன். “இரு, இரு. பாதியில விடாத. மூணு போடு” என்றாள்.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அவர் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். அப்போது அம்மாவின் போன் மணியடித்தது. தரை துடைக்கும் மருந்து பற்றி ஒரு ஆய்வு. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். அழிக்கப்போனேன்.

“என்ன கேக்குறான்? வாசி” என்றார் அப்பா.

வாசித்தேன். அவர் தரையைப் பார்த்தார். “வாசம் கம்மின்னு சொல்லுவா. மூணு போடுவா. நாலு போட மாட்டா” என்றார்.

அப்படித்தான் அது தொடங்கியது. மாலை சவாரி சூடு பிடிப்பதற்கு முன்னால் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார். நான் கேள்வியைச் சொல்ல, அவர் அம்மா என்ன சொல்வாள் என்று சொல்வார். சில நாள் சண்டைகூட வரும். சீயக்காய்க்கு அவள் நாலு போடுவாள் என்று நான் சொன்னால், “ஒனக்குத் தெரியாதுடா, அது கண்ணு எரியும்னு எங்கிட்டத்தான் சொல்லுவா” என்பார். கல்யாணமான புதிதில் அவள் தலைக்கு என்ன தேய்த்தாள், எந்தக் கடை மிளகாய்த்தூளை இரண்டாம் முறை வாங்கவே இல்லை என்பதெல்லாம் அந்தக் கேள்விகளால்தான் எனக்குத் தெரிந்தது. மற்றபடி நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேச வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. எனக்கு வரியைவிட, மாலையில் அப்பாவோடு கிடைத்த அந்த அரை மணி நேரம் போய்விடுமோ என்றுதான் பயம்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ் மாடியில் வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருகிற ஒருவர் இருந்தார். நண்பனின் அக்கா வீட்டுக்காரர். அப்பாவும் கூட வந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. கீழே தேனிக்கும் கம்பத்துக்கும் ஆள் கூப்பிடுகிற சத்தத்துக்கு நடுவில் நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“சர்வே காசுக்கு வரி உண்டாண்ணே?”

“வருமானம்னா வருமானம்தான் தம்பி. இதர வருமானம்னு காட்டணும்.”

“கூப்பனும் உண்டா?”

“அது எம்புட்டுப் பெறுமோ அம்புட்டும் வருமானம். ஆனா மொத்தமே வரம்புக்கு ரொம்பக் கீழ இருக்கு. கட்ட வேண்டியது ஒண்ணும் இல்ல. புடிச்சதையே திரும்ப வாங்கலாம். வாரிசுன்னு ஒங்களப் பதிஞ்சு, அம்மா பேர்ல கணக்குப் போட்டா முடிஞ்சுது.” அம்மா போனில் கூப்பன் வரிசையைப் பார்த்தவர் நிறுத்தினார். “யாரு பதில் சொன்னது? நீங்களா?”

“அம்மாதான் சொன்னாங்க. நான் தொட மட்டும் செஞ்சேன்.”

“அப்ப அது அவங்க வருமானம். தேதி என்ன, அவங்க தவறுனது?”

அப்பா சொன்னார்.

“அதுக்கப்புறமும் கூப்பன் வந்திருக்கே?”

அப்பா நாற்காலி நுனிக்கு வந்து, “அது நான் சொன்னது சார். அவ சொல்லுறதத்தான் சொன்னேன். நானா எதையும் சேக்கல” என்றார்.

அவர் போனை மேசையில் வைத்துவிட்டு, என்னிடம் அல்ல, அப்பாவிடம் சொன்னார். “அண்ணே, அதுக்கப்புறம் வந்தது அவங்க கணக்குல வராது. ஒங்க கணக்கு. ஒங்களுக்கும் வரி வராது, பயப்படாதீங்க. ஆனா அவங்க பேர்ல இனிமே பதில் சொல்லாதீங்க. ஆளு இருக்கிற மாதிரில்ல ஆயிருது. அந்தக் கணக்க மூடிருங்க. வேணும்னா ஒங்க பேர்லயே ஒண்ணு ஆரம்பிங்க.”

அப்பா தலையாட்டினார். படி இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார். “அவ கட்டுன வரியத் திருப்பிக் குடுத்திருவாங்களா?”

“ஆமாப்பா. அம்மாவுக்கு வரியே வராதுல்ல.”

“அவளுக்கு அது தெரியாது” என்றார்.

தாக்கல் செய்த அன்று மாலையே அம்மாவின் சர்வே கணக்கையும் மூடினேன். அப்பா பக்கத்தில் இருந்தார். நிச்சயமாகவா என்று போன் கேட்டது. நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டுவிட்டேன்.

ஒரு வாரம் அப்பா மாலையில் வீட்டுக்கு வரவில்லை. ஸ்டாண்டிலேயே இருந்துகொண்டார். பொறுக்க முடியாமல் அவர் பேரிலேயே புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்து முதல் ஆய்வைத் திறந்தேன். துணி சோப்பு. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மொதக் கேள்விப்பா. வீட்டுக்கு என்ன பொருள் வாங்கணும்னு முடிவு பண்றது யாரு? நான், இல்ல வேற ஒருத்தர்.”

“வேற ஒருத்தர்” என்றார், யோசிக்காமல்.

‘மன்னிக்கவும், நீங்கள் இந்த ஆய்வுக்குப் பொருந்தவில்லை’ என்று திரை சொன்னது.

“என்னாச்சு?”

“வாங்குறத முடிவு பண்றவங்ககிட்டத்தான் கேப்பாங்களாம்ப்பா. அடுத்தது வரும். அதுல ‘நான்’னு போட்டுருவோம். இப்ப நீங்கதான வாங்குறீங்க?”

“நான் எங்க வாங்குறேன்? அவ வாங்குனதப் பாத்துப் பாத்து எடுத்துட்டு வாரேன்.” எழுந்து ஆட்டோ சாவியை எடுத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: “பொய் போடாத. வரி கட்டுற குடும்பம்.”

ஆட்டோ தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டது. சாவி இருந்த இடத்தில் அவர் முந்தின நாள் வாங்கி வைத்த சோப்பு இருந்தது. அம்மா வாங்குகிற அதே சோப்புதான். நாலு.